பச்சைச் சாயம் இல்லாத பச்சைக்கிளி

பறவைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஒரு கூண்டு நிறையக் கீச்சிட்டுக்கொண்டிருக்குமே, அவற்றை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என்று கலந்துகட்டி இருக்கும். அவை பட்ஜெரிகர் என்னும் சின்னக் கிளிகள். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே கூட்டம் கூட்டமாகப் பறந்து திரிபவை பச்சைதான். அப்படியானால் கூண்டில் இருக்கும் நீலமும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன? இதற்கு விடை தெரிந்தால் நம் ஊர்ப் பச்சைக்கிளி ஏன் பச்சையாக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கிளியின் பச்சை இறகில் பச்சைச் சாயமே கிடையாது! இருப்பது மஞ்சள் சாயம். அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த கெரட்டின் அடுக்கு ஒன்று இருக்கிறது. கெரட்டின் என்பது நம் நகமும் முடியும் உருவாகும் அதே பொருள்தான். வெயிலில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன அல்லவா? அவற்றில் நீலத்தை ஒட்டிய ஒளியை இந்த அடுக்கு சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. மிச்ச ஒளியை அதற்கும் கீழே இருக்கும் கறுப்பு மெலனின் விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளி மஞ்சள் சாயத்தைக் கடந்து வெளியே வரும்போது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. நீலத் துணியின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது கூண்டுக்கு வருவோம். மஞ்சள் சாயம் உண்டாகாத பட்ஜெரிகர் நீலமாகப் பிறக்கிறது. ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றம்தான் இதற்குக் காரணம் என்று 2017இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். மெலனின் இல்லாமல் போனால் நீலம் எடுபடாது, மஞ்சள் மட்டும் நிற்கும். இரண்டுமே இல்லாவிட்டால் என்ன நிறம்? நீங்களே சொல்லுங்கள்!

கிளிகள் தமக்கு வேண்டிய மஞ்சளைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மற்ற பறவைகள் பலவற்றுக்கு அது தின்னும் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். நிஜமான பச்சைச் சாயம் உள்ள பறவையும் உண்டு. ஆப்பிரிக்காவில் வாழும் டுராக்கோ அது. அதன் சாயத்தில் தாமிரம் இருக்கிறது!

சரி, நம் ஊரில் பச்சைப் பறவைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபமானது பஞ்சுருட்டான். என்னைக் கேட்டால், நம் மின்கம்பிகளில் வந்து உட்காரும் பறவைகளில் இதற்குத்தான் முதல் பரிசு. வாலின் நடுவில் கம்பிபோல் இரண்டு இறகுகள் நீண்டிருக்கும். விருட்டென்று பாய்ந்து தேனீயைக் கவ்விக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பி வரும். உடனே விழுங்காது. கொடுக்கு போகும்வரை கம்பியில் அடித்துத் தேய்த்த பிறகுதான் சாப்பாடு.

குக்குறுவான் அப்படி எளிதில் அகப்படாது. கொளுத்தும் வெயிலிலும் 'டுக்... டுக்... டுக்...' என்று பாத்திரம் தட்டுவதுபோல் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும், ஆளைத்தான் காணோம். திறந்த அலகைத் தேடாதீர்கள். அது வாயை மூடிக்கொண்டே கூப்பிடும், தொண்டைதான் உப்பி உப்பி அடங்கும். இலைகளுக்கு நடுவே சிவந்த நெற்றியோ கண்ணைச் சுற்றிய மஞ்சளோ தெரிந்தால் பிடித்துவிட்டீர்கள்! அந்த நொடியில் வரும் குதூகலத்தைச் சொல்லி விளக்க முடியாது.

எல்லாவற்றிலும் கள்ளத்தனமானது பச்சைப்புறா. பழுத்த ஆலமரத்தில் ஒரு கூட்டமே இருந்தாலும், ஆள் அரவம் கேட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடும். மரத்தடியில் நின்று பழம் உதிரும் கிளையைக் கவனியுங்கள். அதைவிட நல்ல வழி, காலையில் சீக்கிரம் எழுந்து போவது. அப்போது அவை வெயில் காய உச்சாணிக் கிளைகளுக்கு வரும். இலை இல்லாத கிளையில் பச்சை நிறத்தால் என்ன பயன்?