தண்டுவட மரப்பு நோய்க்கு உணவு மருந்தாகுமா?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் சிறுநீரகம், இதயம், புற்றுநோய் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சென்ற ரமளானுக்குச் சற்று முன் திருவேங்கடம் பக்கமிருந்து வந்த ஒன்றில் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்றிருந்தது. முப்பது வயதைத் தாண்டாத ஒரு சகோதரிக்கு. வீட்டுக்குப் போய் விசாரித்தோம். ஊசியை நிறுத்தி நான்கு மாதம் ஆகிவிட்டது, இப்போது இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்றார்கள். ஊசியை நிறுத்தியதற்குப் பணம் ஒரு காரணம். சாப்பாட்டிலேயே குணமாக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்லி, ஒரு பொடியும் பத்தியப் பட்டியலும் கொடுத்தது இன்னொரு காரணம்.

அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். அதில் எல்லாமே பொய் என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

அரசுத் தாள்களில் தண்டுவட மரப்பு நோய் என்று குறிப்பிடுவது இதைத்தான். மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழி தவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் அந்த உறையை அரிக்கிறது. கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் உடல் சோர்ந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். பலருக்கு வந்து, தணிந்து, மறுபடியும் வரும். தணிந்திருக்கும் மாதங்களில் என்ன சாப்பிட்டாலும், அதுதான் குணமாக்கியது என்று தோன்றுவது இயல்பு. இந்த நோயில் ஏமாறுவதற்கு இதுவே பெரிய வாசல்.

உணவுக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவர். நார்வே நாட்டில் வெண்ணெயும் பாலும் இறைச்சியும் அதிகம் உண்ணும் உள்நாட்டு விவசாயிகளிடம் நோய் கூடுதலாகவும், மீன் உண்ணும் கடற்கரை ஊர்களில் குறைவாகவும் இருப்பதை அவர் கவனித்தார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1940களின் இறுதியில் நோயாளிகளுக்குக் கொழுப்பைக் குறைத்த உணவைத் தொடங்கினார். 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1990இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார். கொழுப்பை நாளுக்கு 20 கிராமுக்குள் வைத்திருந்தவர்கள், வைக்காதவர்களைவிட நடமாட்டத்தோடு நீண்ட காலம் வாழ்ந்ததாக அவர் கண்டார்.

ஒரு மனிதர் 34 ஆண்டுகள் பொறுமையாகச் செய்த வேலை அது. ஆனாலும் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்தியம் இருந்தவர்களோடு ஒப்பிட, சீட்டுக் குலுக்கிப் பிரித்த இன்னொரு குழுவை அவர் வைக்கவில்லை. பத்தியத்தை விட்டதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் மனம் தளர்ந்து பத்தியத்தை விட்டார்களா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதைவிட முக்கியமான விஷயம், அவர் தொடங்கிய காலத்தில் இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்து ஒன்றுகூடக் கிடையாது. முதல் மருந்தான இன்டர்ஃபெரான் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1993இல்தான். மருந்து இல்லாத காலத்தில் செய்ததைக் காட்டி, மருந்து இருக்கும் காலத்தில் அதை நிறுத்தச் சொல்வது எந்த வகையில் நியாயம்? இன்றைய மருந்துகளும் நோயை வேரோடு அகற்றுவதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கின்றன. இது ஒப்பீட்டுக் குழுக்களோடு நடந்த ஆய்வுகளில் நிரூபணமானது.

ஸ்வாங்க் முறையையும், இந்த நோய்க்கு ஆளான டெர்ரி வால்ஸ் என்ற மருத்துவர் வகுத்த முறையையும் ஒப்பிட்டு அமெரிக்காவின் ஐயோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. இரண்டு குழுவினருக்கும் சோர்வு குறைந்திருந்தது. ஆய்வை நடத்தியவர் வால்ஸ் அவர்களே என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சோர்வு குறைவது சின்ன விஷயமில்லை. காலையில் எழுந்து அடுப்படிக்குப் போக முடியாத ஒரு தாய்க்கு அதன் அருமை தெரியும்.

ஆகவே உணவை மாற்றுங்கள், மருந்தோடு சேர்த்து. ஸ்வாங்க் பிற்பாடு வகுத்த விதிப்படி, வெண்ணெய், நெய் போல உறையும் வகைக் கொழுப்பு நாளுக்கு 15 கிராமைத் தாண்டக் கூடாது. முதல் ஓராண்டு ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் கூடாது. நம் வீட்டுச் சமையலில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்த வகைக் கொழுப்பு சுமார் 12 கிராம் வந்துவிடுகிறது. நெய்ச்சோறு, டால்டா ஊற்றிய பிரியாணி, கொழுப்போடு கறி என்றால் கணக்கே வேண்டாம். அவ்வளவு கறாராக இருக்க முடியாவிட்டாலும், நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ அளவாக ஊற்றி, தூத்துக்குடியிலிருந்து வரும் மத்தி மீனைக் குழம்பு வைத்து, கீரையும் பயறும் சேர்த்துக்கொண்டால் இதயத்துக்கும் நல்லது. விலையும் கட்டுப்படியாகும். வெளிநாட்டு டப்பாக்கள் தேவையில்லை. வீட்டில் பீடி, சிகரெட் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். புகை இந்த நோயை மோசமாக்குகிறது.

அந்தப் பொடிக்கு வருவோம். எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. எதிர்ப்பு சக்தி வழி தவறியதால் வந்த நோய்க்கு அதையே பெருக்குவதாகச் சொல்லும் பொடியை, மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்கவே கூடாது. வைட்டமின் டி மாத்திரையும் அப்படித்தான். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களிடம் அதன் குறைபாடு சாதாரணம். ரத்தப் பரிசோதனை செய்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொன்ன அளவு எடுக்கலாம். தாமாக அதிகம் எடுத்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இன்னொன்றைச் சகோதரிகள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. சிறுநீர் அடக்க முடியாது என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வந்து, நோயே முற்றிவிட்டதுபோல ஆகிவிடுகிறது. தண்ணீரைக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. சித்திரை வெயிலில் கால் தளர்ந்தாலும் பதற வேண்டாம். சூடு ஏறினால் அறிகுறிகள் கூடும், உடல் குளிர்ந்ததும் தணியும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

நோன்பைப் பற்றி அந்தச் சகோதரியும் கேட்டார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. மருந்து நேரம், வெயில், உடல்நிலை பார்த்து மருத்துவர் சொல்வதைக் கேட்டு, களாவா ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சலுகையை எடுப்பதில் குற்ற உணர்வு வேண்டாம்.

அவர் இப்போது மீண்டும் ஊசி போட்டுக்கொள்கிறார். நிறுத்தியதால்தான் கண் மங்கியது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. மறுபடியும் நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னார். பத்தியத்தில் மீனும் கீரையும் அப்படியே இருக்கின்றன, பொடி மட்டும் போய்விட்டது.

நம் பகுதியில் இப்படி வேறு யாரேனும் இருந்தால், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோயும் ஒன்று. எனவே அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, தென்காசி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றியும் கேளுங்கள். 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. மருந்துக்குப் பணம் தட்டினால், நிறுத்துவதற்கு முன் மருந்துச் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து போங்கள்.