தீவுக்கு ஒரு டூர்

தீவுக்கு டூர் என்றதும் மாலத்தீவு, மொரீஷியஸ் என்று பறக்காதீர்கள் நண்பர்களே! நம்ம ராமேஸ்வரமும் தீவுதான். மதுரையில் பாசஞ்சர் ஏறினால் போதும். ஆனால் பகல் வண்டியாகப் பாருங்கள். ராத்திரி வண்டியில் தூங்குகிறவனுக்குக் கடலும் ஒன்றுதான், கட்டாந்தரையும் ஒன்றுதான்.

போன லீவில் நாங்கள் நான்கு பேர் போனோம். அப்பா கொத்தனார். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, "கப்பல் வந்தா எப்படிடா வழி விடும்?" என்றார். மூன்று வருஷமாக நான் என்ன படிக்கிறேன் என்றே கேட்காதவர்! 1914-இல் திறந்த பழைய பாலத்தை ஆட்கள் கையால் சுற்றி இரண்டாகப் பிரித்துத் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். கம்பி வடத்தின் மறுமுனையில் எதிர் எடை தொங்குவதால் மோட்டாருக்குப் பாரம் குறைவு என்றேன்.

"ஒரு பக்கம் சிமெண்ட் வாளி, மறுபக்கம் நான் தொங்கினா வாளி ஏறிடும். நம்ம கப்பி கணக்குதானே!" என்றார். வைவாவில் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதே இல்லை.

கோவிலில் 22 தீர்த்தம், மாற்றுத்துணி அவசியம்.

தனுஷ்கோடிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்தது. ஒரு பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. அப்பா அதை உற்றுப் பார்த்து, "செங்கல் இல்லடா, கடல் கல்லு" என்று கட்டு வேலையை விளக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை.