விரியாத குடை

மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் மணல்மேட்டிலோ கறையான் புற்றிலோ ஒரு வெள்ளைக் காளான் நீட்டிக்கொண்டு நிற்கலாம். ஒரு சாண் உயரம், மேலே செதில், விரியவே விரியாத குடை. கிள்ளிப் பார்த்தால், முற்றியதில் கரும்பழுப்புத் தூள் கொட்டும். அதுதான் விதைத்தூள். அறிவியல் பெயர் போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ். பின்பாதிக்கு உலக்கை போன்றது என்று பொருள். பார்த்தால் பொருத்தம் புரியும்.

இந்தியாவிலிருந்து போன மாதிரியை வைத்து லின்னேயஸ் 1771-இல் இதற்கு முதல் பெயரிட்டார். அவருடைய மாணவர் கோனிக் 1768 முதல் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து, செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்.

சேகரிப்பவர் காளானைப் பிடுங்குவதில்லை. கத்தியால் அடியோடு நெம்பி எடுப்பார். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கி அழுகிவிடும், காகிதப் பொட்டலம்தான் சரி. நிறம், மணம், முளைத்த இடம், தேதி எல்லாவற்றையும் அங்கேயே குறிக்க வேண்டும். காய்ந்தபின் நிறமும் மணமும் மாறிவிடும். மடல் உள்ள காளான் என்றால் குடையை வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் விதைத்தூள் அச்சு விழுந்திருக்கும். உலக்கைக் காளானிடம் இந்த வித்தை பலிக்காது.

தென்னிந்தியக் காளான்களை இப்படிச் சேகரித்துப் பதிவுசெய்ததில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கே. நடராஜனின் பங்கு பெரிது. என். ராமனுடன் அவர் எழுதிய நூல் 1983-இல் வெளிவந்தது.

பார்த்தால் படம் எடுங்கள். அடையாளம் உறுதியாகத் தெரியாத காளானைச் சமைக்காதீர்கள்.