ஆழ்கடல் அலையும் நம் ஊர் ஏரியும்

மரக்காணம் கரையில் மோதும் அலைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவை காற்றால் எழுந்து கரையோடு முடிபவை. கண்ணுக்குப் புலனாகாத வேறுவகை அலைகளும் கடலில் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் ஐப்பசி, கார்த்திகை மழையோடு அவற்றிற்குத் தொடர்பு இருப்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

பசிபிக் மாகடலில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெப்பமான மேல்நீரை மேற்கே இந்தோனேசியாவின் பக்கம் குவித்து வைக்கிறது. இக்காற்று தளருங்கால், குவிந்த நீரின் வெப்பம் கிழக்கு நோக்கி அலையாகப் புறப்படுகிறது. இதனைக் கெல்வின் அலை என்பர். கடல் மட்டத்தில் இதன் உயரம் சில அங்குலங்களே. நீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். தென் அமெரிக்கக் கரையை அடைய இதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகின்றன. இதனால் அங்கே அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுவது தடைப்பட்டுக் கடல் சூடேறுகிறது. இந்நிலையே எல் நினோ. இதற்கிடையில் ராஸ்பி அலைகள் மேற்கு நோக்கி மெல்லச் செல்கின்றன. அவை மேற்குக் கரையில் மோதி மீளும்போது குளிர்நீர் மேலெழ வழி பிறந்து, சூடு தணிகிறது. குளிர் மிகுந்த மறுநிலை லா நினா எனப்படும். எல் நினோ 2 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றுகிறது.

எல் நினோ ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை குன்றுவதுண்டு. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் மிகுகிறது. வலிமையான எல் நினோ நிலவிய 2015-இல் அது இயல்பைவிட 53 விழுக்காடு மிகுந்தது. லா நினா தலைகாட்டிய 2016-இல் 62 விழுக்காடு குறைந்தது. ஆயினும் இது ஒரு போக்கேயன்றி நியதியன்று. 2024 இறுதியில் எல் நினோ இல்லை. எனினும் ஃபெங்கல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் செய்யவேண்டுவது யாது? ஏரிக்கரையைப் பலப்படுத்துதல், மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றைச் செப்பனிடுதல் ஆகிய பணிகளை எந்த ஆண்டாயினும் புரட்டாசிக்குள் முடித்தல் வேண்டும். ஆழ்கடல் அலைகளைச் செயற்கைக்கோள்களும் மிதவைகளும் கண்காணிப்பதால், எல் நினோ, லா நினா ஆகியவற்றின் வரவு பல மாதங்களுக்கு முன்னரே தெரியவருகிறது. மழை குறையக்கூடும் என்று வானிலைத் துறை அறிவிக்கும் ஆண்டில், ஏரிநீரை நம்பி நிலம் முழுவதிலும் நெல் நடாமல், ஒரு பகுதியில் மணிலா, உளுந்து போன்றவற்றைப் பயிரிடுதல் உழவர்க்குப் பாதுகாப்பாகும்.

கடலின் போக்கை நாம் மாற்றவியலாது. வரும் நீரைத் தேக்கும் ஏரியைப் பேணுதல் நம் பொறுப்பே.