ஸ்கேனில் தெரியலைன்னா நோய் இல்லையா?



நம் கழுத்தில் தைராய்டு சுரப்பி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் அரிசி அளவில் 4 குட்டிச் சுரப்பிகள் இருக்கு. பெயர் பாராதைராய்டு. ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருக்க இவைதான் காவல்.

இதில் ஒன்று கட்டியாகி அளவுக்கு மீறிச் சுரந்தால், எலும்பில் உள்ள கால்சியம் ரத்தத்துக்குப் போய்விடும். எலும்பு பலம் இழக்கும், சிறுநீரகத்தில் கல் வரும், எப்பவும் அசதியா இருக்கும். நம் நாட்டில் பலர் எலும்பு முறிந்த பிறகுதான் டாக்டரிடம் போறாங்க.

நோய் இருக்கா என்று சொல்வது ரத்தப் பரிசோதனை. கட்டி எங்கே என்று காட்டுவதுதான் ஸ்கேன். 'செஸ்டமிபி' ஸ்கேனில், லேசான கதிர்வீச்சு உள்ள டெக்னீசியம் மருந்தை ஊசியில் போடுவாங்க. சில நிமிடத்தில் ஒரு படம், சுமார் 2 மணி நேரம் கழித்து இன்னொரு படம். அதற்குள் தைராய்டிலிருந்து மருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். கெட்டுப்போன சுரப்பியில் மட்டும் தங்கி, பொட்டு மாதிரி தெரியும்.

ஆனா சில நேரம் தப்பும். ஏன்?

1. கட்டி ரொம்பச் சின்னதா இருந்தால் தெரியாது.
2. ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் வீங்கியிருந்தால் சிலது விட்டுப்போகும்.
3. தைராய்டில் கட்டி இருந்தால் அதுவும் பொட்டாகத் தெரிந்து ஏமாற்றும்.
4. சில கட்டிகள் மருந்தைச் சீக்கிரமே வெளியே விட்டுவிடும்.
5. ஆள் அசைந்தால் படம் கலங்கும்.
6. சுரப்பி நெஞ்சுக்குள் இருந்தால் கழுத்தில் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் அகப்படாது. அதில் பார்ப்பவரின் அனுபவமும் முக்கியம்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெலுக்கு இந்த நோய் வந்தது. 1926 முதல் 6 முறை அறுவை செய்தும் கட்டி கிடைக்கலை. 1932-ல் 7-வது முறைதான் நெஞ்சுக்குள் கண்டுபிடித்தாங்க. ஆனால் அவர் சில வாரங்களிலேயே இறந்துவிட்டார்.

நம்ம ஊர் பனியன் கம்பெனி செக்கிங்கில் சின்ன ஓட்டை கண்ணுக்குத் தப்பலாம். அதனால் துணியில் ஓட்டையே இல்லைன்னு ஆகிடுமா? ஸ்கேனும் அப்படித்தான். அதனால்தான் டாக்டர்கள் இரண்டு விதமான ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளின் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கு.

வீட்டில் யாருக்காவது அடிக்கடி கல் வந்தாலோ, லேசா விழுந்ததுக்கே எலும்பு முறிந்தாலோ, கால்சியம் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்க. ரத்தத்தில் நோய் தெரிந்த பிறகு, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லை"ன்னு சும்மா இருந்துடாதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி