மூன்று துளையில் ஏழு சுரம்

ஸ்பெயினின் வடக்கே, பிஸ்கே விரிகுடாக் கரையில் உள்ள பாஸ்க் மீனவர் ஊர் லெக்கெய்டியோ. ஜூன் 29 அங்கே புனித பேதுருவின் திருநாள். புனிதரின் சுரூபத்தைத் துறைமுகத்துக்குப் பவனியாக எடுத்துப் போய், நீரோரத்தில் கடல் பக்கமாகச் சாய்ப்பார்கள். மீன்பாடு தராவிட்டால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று புனிதருக்கே விடும் மிரட்டல் அது!

அதே விழாவில்தான் ‘கஷர்ராங்கா’ என்னும் பெட்டி நடனம். மீனவர் சங்கத்தின் மரப்பெட்டியை எட்டுப் பேர் தோளில் தாங்க, அதன்மேல் ஒருவர் ஏறி நின்று ஆடுவார். உடம்பில் கறுப்பு நீளக் கோட்டு, ஒரு கையில் உயரத் தொப்பி, மறு கையில் கொடி. சங்கப் பொறுப்பு கைமாறும்போது ஆவணப் பெட்டியைப் புதிய பொறுப்பாளர் வீட்டுக்குக் கொண்டுபோன பழைய வழக்கத்திலிருந்து வளர்ந்த ஆட்டம் இது.

இந்த ஆட்டத்துக்கான இசையைத் தருவது ‘சிஸ்டு’ என்னும் குழல். நீளம் சுமார் 42 சென்டிமீட்டர். துளைகளோ மூன்றே மூன்று: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இடது கை குழலைப் பிடித்து வாசிக்கும். அந்தக் கையிலேயே தொங்கும் சிறு மேளத்தை வலது கை கோலால் தட்டும். ராகமும் தாளமும் ஒரே ஆளிடம். பவனியோடு நடந்துகொண்டே வாசிக்கலாம்.

மூன்று துளைகளை அடைத்தும் திறந்தும் நான்கு சுரம்தானே வரும்? மீதி எங்கிருந்து வருகிறது?

விடை காற்றில் இருக்கிறது. இருமுனையும் திறந்த குழலுக்குள் காற்று தன் இஷ்டத்துக்கு அதிராது. மெல்ல ஊதினால் ஓர் அடிப்படை அதிர்வெண். மூச்சைக் கூட்டினால் ஒலி சறுக்கி ஏறாமல், அதன் இரண்டு மடங்குக்குத் தாவும். இன்னும் கூட்டினால் மூன்று மடங்கு, பிறகு நான்கு. நீண்டு ஒடுங்கிய குழலில் இந்தத் தாவல் எளிது.

இரண்டாம் மடங்கை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மடங்கு அதைப் போல ஒன்றரைப் பங்கு, அதாவது ‘ப’. நான்காம் மடங்கு மேல் ‘ச’. ச-வுக்கும் ப-வுக்கும் நடுவே நிரப்ப வேண்டியவை ரி, க, ம. மூன்று சுரம், மூன்று துளை! ம வந்ததும் எல்லாத் துளைகளையும் மூடி மூச்சை அழுத்தினால் ப. அங்கிருந்து மறுபடி திறந்தால் த, நி. அடிப்படை ஒலியிலிருந்தே தொடங்கினால், அதற்கும் இரண்டாம் மடங்குக்கும் இடையே ஆறு சுரங்கள் விழும். ஒரு கை போதாது. அரைச் சுரம் வேண்டுமென்றால் சுண்டு விரல் குழலின் அடிவாயைக் கொஞ்சம் மறைக்கும்.

ஒருவரே குழலும் மேளமும் வாசிக்கும் இந்த முறை இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. பல இடங்களில் தேய்ந்துபோனதை பாஸ்க் மக்கள் விடவில்லை. 1927-இல் சிஸ்டு கலைஞர்கள் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். பில்பாவோ, சான் செபாஸ்டியன் நகராட்சிகள் சிஸ்டுக் குழுக்களை நடத்துகின்றன. துளை குறைந்ததால் இந்தக் குழல் எதையும் இழக்கவில்லை. விரல்கள் செய்ய வேண்டியதில் பாதியை மூச்சு ஏற்றுக்கொண்டது; மேளம் தட்ட ஒரு கை மிச்சமானது.