நிபாவும் இளையோர் நெஞ்சமும்

நோயை அறிதல் வேறு. அதற்கு அஞ்சுதல் வேறு. அதனின்று காத்துக்கொள்ளும் பழக்கம் வேறு. அறிவு வந்தால் ஏனையவை தாமே பின்தொடரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வளரிளம் பருவத்தினரிடம் அவை அத்துணை எளிதாக ஒன்றன்பின் ஒன்றாய் வருவதில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நிபா பரவிய காலத்தைக் கொண்டு இதனை விளக்கலாம்.

நிபா என்பது மலேசியச் சிற்றூர் ஒன்றின் பெயரால் வழங்கும் நோய். 1998-99இல் அந்நாட்டுப் பன்றிப் பண்ணைகளின் வழியே பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. 2018 மே மாதத்தில் கோழிக்கோட்டை அடுத்த பேராம்பிராப் பகுதியில் வெளிப்பட்டு 17 உயிர்களைக் கொண்டது. கோடை விடுமுறை முடிந்தும் அங்குப் பள்ளிகள் உரிய நாளில் திறக்கப்படவில்லை.

பழந்தின்னி வௌவாலே இந்நச்சுயிரியின் உறைவிடம் என்னும் செய்தி விரைந்து பரவிற்று. செய்தி மெய்யே. ஆயின் அதனாற் பிறந்த அச்சமோ வழிதவறிச் சென்றது. பழக்கடைகளில் விற்பனை சரிந்தது. வௌவால் கடித்த பழத்தை விலக்குதல் வேண்டும். கழுவித் தோல்நீக்கிய நல்ல பழம் என்ன பிழை செய்தது? உண்மையில் அவ்வாண்டு நோயுற்றோருள் மிகப் பலர் வௌவாலால் நோயுற்றவர் அல்லர். மருத்துவமனைகளில் நோயாளியின் அருகே இருந்து தொற்றுப் பெற்றவர்கள். நோயாளியின் எச்சிலும் இருமற்றுளியும் நெருங்கிய தொடுகையுமே நோயைக் கடத்தின. முகக்கவசமும் கைகழுவுதலும் இங்குதான் பொருள் பெறுகின்றன. இந்நச்சுயிரியின் புறவுறை கொழுப்பால் ஆயது. சோப்பு அக்கொழுப்பைக் குலைத்துவிடும். வெறுந்தண்ணீர் அதனைச் செய்யாது. 'கையைக் கழுவு' என்று ஆணையிடுவதைவிட இக்காரணத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் பதினைந்து வயது மாணவன் மனங்கொள்வான். அவ்வயதினர் காரணம் கேட்பவர்கள், கேட்கவும் வேண்டும்.

வழிதவறிய அச்சம் பழத்தோடு நின்றதா எனின், இல்லை. நோயாளிக்குப் பணிபுரிந்த செவிலியர் லினி தாமே நோயுற்று அவ்வாண்டு மே 21இல் உயிர்நீத்தார். அவருடன் பணியாற்றிய செவிலியரைப் பேருந்தில் அருகே அமரவொட்டாது ஒதுக்கினர். இதனைக் காணும் இளையோர் என்ன கற்பர்? நாளை தமக்குக் காய்ச்சல் கண்டால் மறைக்கவே கற்பர். தேர்வு போய்விடுமோ, தோழர் விலகுவரோ, 21 நாள் தனிமையில் இருக்க நேருமோ என்று அஞ்சி வாய்மூடியிருப்பர். நோயினும் கொடியது இம்மறைப்பே என்பது என் கருத்து. நிபாவுக்கெனப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்றளவும் இல்லை. காய்ச்சலைக் காலத்தே சொல்லுதலே பெரிய காப்பு. 2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் 12 வயதுச் சிறுவனும், 2024 சூலையில் மலப்புரத்தில் 14 வயது மாணவனும் இந்நோய்க்கு இரையாயினர். எனவே இது முதியோர்க்கு மட்டும் உரிய கவலை அன்று.

2018இல் நோயுற்று உயிர்பிழைத்தவர் இருவரே. அவ்விருவருள் ஒருவர் செவிலியர் கல்வி பயின்று வந்த இளம் மாணவி. அவர் நலம்பெற்று வீடு திரும்பிய செய்தியையும் நம் வகுப்பறைகளில் சொல்லலாம். வௌவாலைப் பற்றிப் போதிய அளவு சொல்லியாயிற்று.